உலகம்மாளின் கண்டினியூட்டி நோட்டு

பாறையடி மேல்நிலைப்பள்ளியில் பதினோராம் வகுப்புப் படித்த உலகம்மாள் என் பெட்டிக்கடை முன்னால் நின்று, "செவ்வாழைத் தாரில் பழம் பதினேழு, இடது ஓரத்துப் பழத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு" என்று தன் நோட்டில் எழுதிக்கொண்டு போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நாற்பத்தியொரு நாள் என் தாரில் பழம் பதினேழாகவே இருந்தது, விற்றாலும் பதினேழு, நானே உரித்துத் தின்றாலும் பதினேழு, பஞ்சாயத்து ஆபீஸ் பியூன் ஓசியில் நாலைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவதற்குள் மறுபடி பதினேழு. இந்தச் சொள்ளமுத்து அண்ணாச்சி, அதாவது நான், வாயைத் திறந்தால் பாதி புளுகு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இது மற்றப் பாதி.

எல்லாம் வடிவு டீச்சரால் வந்தது. கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிற அந்த அம்மாளிடம் மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி வந்து சேர்ந்தது, உள்ளே ஒரு கேமரா, ஒரு முக்காலி, சட்டையில் குத்துகிற மைக் ஒன்று, எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லுகிற காகிதம் மட்டும் இல்லை. டீச்சர் அசரவில்லை, பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்து, குழுவுக்கு ஒரு படம், அஞ்சு நிமிஷம், மார்க்கு தனித்தனியாகக் கிடையாது, குழுவுக்கு மொத்தமாக ஒரே மார்க்கு என்று சொல்லிவிட்டார், அதோடு பள்ளிக்கூடத்தில் நிம்மதி போயிற்று, ஏனென்றால் உழைக்கிறவனுக்கும் உறங்குகிறவனுக்கும் ஒரே மார்க்கு என்றால் நம் ஊரில் யார் சும்மா இருப்பார்கள். ரெக்ஸ்லின் என்கிற பெண் தன்னைத் தானே டைரக்டர் என்று அறிவித்துக்கொண்டாள், அவள் வாய்க்கு எதிர்வாய் இல்லை. ஷாகுல் கேமராவைப் பிடித்தவன் விடவில்லை. ஒருத்தன் மைக்கு, ரெண்டு பேர் நடிப்பு. பிரிக்கிற அன்றைக்கு உலகம்மாள் அம்மாவோடு பீடிக்கடைக்குப் போயிருந்ததால் மறுநாள் வந்து பார்த்தபோது ஒரே ஒரு வேலைதான் மிச்சமிருந்தது, அது என்ன வேலை என்று யாருக்கும் தெரியாததால்தான் மிச்சமிருந்தது. டீச்சர் போர்டில் கண்டினியூட்டி என்று எழுதிப்போட்டார்.

படத்தின் கதை லேசானது. ஒரு பெண்ணின் கையிலிருந்து மார்க்கு அட்டை காற்றில் பறந்துபோகிறது, பள்ளிக்கூடத் தெருவில் ஒருத்தர் கையிலிருந்து ஒருத்தர் கைக்கு மாறிக் கடைசியில் அவளுடைய அப்பாவிடம் போய்ச் சேருகிறது, அவர் கையெழுத்துப் போடுகிறார். படத்தில் அது ஒரே சாயங்காலம். ஆனால் எடுக்கிறவர்களுக்குப் பள்ளிக்கூடம் விட்டபிறகு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான், அதனால் அந்த ஒரே சாயங்காலத்தைப் பல சாயங்காலங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் ரெண்டு நாள் எடுத்ததை ஒட்டிப் பார்த்தால் மார்க்கு அட்டை என் கடையைத் தாண்டுகிற நேரத்தில் எட்டுப் பழம் காணாமல் போகிறது, என் சட்டை கட்டம் போட்டதிலிருந்து கோடு போட்டதாக மாறுகிறது. வகுப்பே உருண்டு சிரித்ததாம். "பாக்கிறவன் கண்ணு கதையில நிக்காது, பழத்துலதான் போயி நிக்கும்," என்று டீச்சர் சொன்னார். நேற்று எடுத்தது இன்றைக்கும் மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தன் வேலை என்று புரிந்து, அன்றைக்குத்தான் உலகம்மாள் நோட்டை எடுத்தாள்.

அந்தப் பிள்ளை பார்க்கிற பார்வையை நான் சொல்ல வேண்டும். அதிர்ந்து பேசமாட்டாள், முன்னால் வந்து நிற்கமாட்டாள், மற்றவர்கள் கேமராவைச் சுற்றிக் கூச்சல் போடும்போது அவள் ஓரமாக நின்று, யார் எந்தக் கையில் எதைப் பிடித்திருந்தார்கள், எந்தப் பொத்தான் போடவில்லை, வேட்டி நுனி எந்தப் பக்கம், சோடா பாட்டிலில் சோடா எதுவரை என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதிக்கொண்டே போவாள். படத்துக்குள் வந்ததை எல்லாம் எழுதினாள். எழுதுகிறவள் படத்துக்குள் வருவதில்லை என்பதால் அவளைப் பற்றி மட்டும் அதில் ஒரு வரி இல்லை.

அவள் எழுத ஆரம்பித்த மூன்றாம் நாள் நான் டீச்சரைக் கூப்பிட்டு, "டீச்சர், என் தாருல பழம் கொறயவே மாட்டேங்குது," என்றேன்.

"அதுக்குப் பேருதான் கண்டினியூட்டி அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான், ஊர் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. இந்தப் பிள்ளைகள் படம் எடுக்கிறார்கள், படம் முடிகிறவரை படத்தில் வந்தது மாறக்கூடாது, அதனால் மாறவில்லை, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. பூக்கார அம்மாளின் பிச்சிப்பூ வாடவில்லை. என்றைக்கும் சொன்ன நேரத்துக்கு வந்தறியாத மினி பஸ், ஒருநாள் தப்பித்தவறி நாலு நாற்பதுக்கு வந்தபோது படத்தில் விழுந்துவிட்டதால், தினமும் நாலு நாற்பதுக்கு வந்து நின்றது, டிரைவரே குழம்பிப்போனார். உலகம்மாளின் அம்மா வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுகிற சுளகில் இலை தீரவில்லை. தெருவின் பெண்கள் ஒன்றாகத் திரண்டு வந்து, "ஏ புள்ளைகளா, குழாயில தண்ணி வரும்போது ஒரு தடவ எடுங்க ளா," என்று கேட்டார்கள், ரெக்ஸ்லினும் பெரிய மனசு பண்ணி மார்க்கு அட்டையைக் குழாயடி வழியாகப் பறக்கவிட்டாள், அதிலிருந்து வாரத்துக்கு ஒருநாள் சொட்டுகிற எங்கள் தெருக்குழாயில் விடிந்ததிலிருந்து அடையும்வரை விரல் மொத்தத்துக்குத் தண்ணீர் கொட்டியது, பக்கத்துத் தெருக்காரர்கள் சொந்தம் கொண்டாடிக்கொண்டு குடத்தோடு வந்தார்கள்.

பிறகு கேட்க வேண்டுமா. இஸ்திரி போட்ட சட்டையோடு கேமராவுக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறவர்கள் பெருகினார்கள். புது டயர் மாட்டிய அன்றைக்கே பைக்கைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினான் ஒருத்தன். தலையில் முடி மிச்சமிருக்கும்போதே எழுதிவிடு என்று உலகம்மாளைக் கெஞ்சியவர்களில் எங்கள் வார்டு மெம்பரும் ஒருவர்.

"கேமராவுக்குள்ள வந்தாத்தான் எழுதுவேன். வராதத எழுதுனா அது கண்டினியூட்டி இல்ல, பொய்யி," என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை அத்தனை பேர் முன்னால் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கஷ்டப்பட்டவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருத்தனுக்கு ஆடுகிற பல் விழவும் இல்லை, நிற்கவும் இல்லை. கரண்டு கம்பத்தில் காலைத் தூக்கியபோது படத்தில் விழுந்த செவலை நாய், தினமும் அந்த நேரத்துக்குச் சலித்துப்போன முகத்தோடு வந்து காலைத் தூக்கி நின்றுவிட்டுப் போனது. இதெல்லாம் பொறுக்கக்கூடிய கஷ்டம். பொறுக்க முடியாத கஷ்டம் கோமதிராஜுக்கு வந்தது.

கோமதிராஜ் உலகம்மாளுக்கு மாமா, அதாவது அவளுடைய அப்பா நாறும்பூவின் தங்கச்சி புருஷன், திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். நாறும்பூ யார் என்றால் என் கடைக்கு அடுத்த கடை, பஞ்சர் ஒட்டுகிறவர், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பதினொன்று முடிந்ததும் பெண்ணைக் கம்பெனியில் செக்கிங் வேலைக்கு அனுப்புகிறேன் என்று அவர் தங்கச்சி வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது உலகம்மாளை யாரும் கேட்கவில்லை. அவள் பன்னெண்டு படிக்க ஆசைப்பட்டாள், அதை அம்மாவிடம் சொன்னாள், அம்மா சுளகிலிருந்து அடுத்த இலையை எடுத்துச் சுற்றினாள். பதினொன்று முடிகிற சமயம் பார்த்து அவளைக் கூட்டிப்போகத்தான் கோமதிராஜ் வந்திறங்கினார், வந்தவர் மாமனார் ஊரில் பளபளப்பாக நிற்க வேண்டும் என்று நேரே சலூனில் போய் உட்கார்ந்தார், சலூன்காரர் மீசையில் ஒரு பாதியை எடுத்து முடித்து மறுபாதிக்குச் சோப்புப் போட்ட நிமிஷத்தில் மார்க்கு அட்டை சலூனுக்குள் பறந்தது, ஷாகுல் பின்னாலேயே போனான்.

உலகம்மாளுக்கு அது யார் என்று தெரியாதா? தெரியும். என்றாலும் இருந்ததைத்தான் எழுதினாள். "சலூன் நாற்காலி: பெரியவர் ஒருவர், மீசை வலது பாதி மட்டும், இடது காதில் நுரை."

சலூன்காரர் மறுபாதியை எடுத்தார், கண்ணாடியில் பார்ப்பதற்குள் அது இருந்த இடத்தில் இருந்தது. ஏழு பிளேடு போயிற்று. காதில் நுரையைத் துடைத்தால் மறுபடி நுரை. கோமதிராஜ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மச்சினன் கடையில் வந்து உட்கார்ந்தார், இந்த மூஞ்சியோடு திருப்பூர் பஸ் ஏற முடியாது, கம்பெனியில் நானூறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள்.

"படம் என்னைக்கு முடியும்?" என்று ரெக்ஸ்லினைக் கேட்டார். "முடியிற அன்னைக்கே இவளக் கூட்டிட்டுக் கெளம்பிருதேன்."

ரெக்ஸ்லினுக்கு அது போதும். அன்றையிலிருந்து அவளுக்கு எந்த ஷாட்டும் பிடிக்கவில்லை. வெளிச்சம் சரியில்லை, காற்று மைக்கில் அடிக்கிறது, மைக்குக்குத் தொப்பி வேண்டும், தொப்பி தைக்க ரெண்டு நாள் வேண்டும், எதிரில் தெர்மாகோல் அட்டை பிடித்து வெளிச்சத்தைத் திருப்ப வேண்டும், பிடித்தவன் கை நடுங்குகிறது, முதலிலிருந்து எடு. கேமரா ஆடாமல் நகர நாறும்பூவின் கடையிலிருந்தே பழைய டியூப்பை வாங்கிச் சைக்கிளில் கட்டித் தொட்டில் செய்தார்கள், அது நன்றாக வந்ததால் பழைய ஷாட்டையெல்லாம் தொட்டிலில் வைத்து மறுபடி எடுத்தார்கள். தோழியை ஊரில் நிறுத்த வேண்டும் என்று இழுத்தடித்த அந்த மூன்று வாரத்தில் அந்தக் குழு படம் எடுக்கப் பழகிவிட்டது, வடிவு டீச்சரே வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போனார். நானும் என் பங்குக்கு, "மெதுவா எடுங்க மக்கா, அவசரம் என்ன," என்று தினமும் ஆளுக்கொரு பழம் கொடுத்தேன். எனக்கு அந்தப் பெண்ணின் படிப்பு ஒரு பக்கம், பதினேழு பழம் ஒரு பக்கம், எது கனம் என்று அப்போது யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன்.

அப்போதுதான் செண்பகம் சோடா குடிக்க வந்தாள். பஸ் ஸ்டாப்பில் நின்றதால் படத்தில் விழுந்த நிறைமாசக்காரி. பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் தேதி போட்டுக்கொண்டிருந்த உலகம்மாளைப் பார்த்து, "ஏ புள்ள, டாக்டரம்மா எல்லாம் நல்லாத்தான் இருக்குங்காவ. ஆனா சொன்ன நாளு தாண்டிப் பன்னெண்டு நாளாச்சு. உள்ள இருந்து ஒதைக்கி, வரமாட்டேங்கி. ஒன் நோட்டுல எழுதிருக்கியோ?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கண்ணில் பயம் இருந்தது.

உலகம்மாள் பக்கத்தைப் புரட்டினாள். "பஸ் ஸ்டாப்: நிறைமாசம், இடது கை இடுப்பில்." அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். பழம் அழுகாமல் இருக்கலாம், பிள்ளை பிறக்காமல் இருக்கலாமா?

"நாளைக்கு முடிச்சிருவோம்," என்று அவள் ரெக்ஸ்லினிடம் சொன்னாள்.

"முடிச்சா நீ போயிருவ ளா!"

"முடிக்கலன்னா அந்தப் பிள்ள வராதுல்லா. எனக்காவ அது உள்ளயே கெடக்கணுமா?"

ரெக்ஸ்லின் அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வசனத்தை மாற்றி எழுதினாள். மிச்சமிருந்தது ஒரே ஷாட்டு, அப்பா கையெழுத்துப் போடுகிற ஷாட்டு. அப்பாவாக நடிக்கத் தலைமையாசிரியரைப் பேசி வைத்திருந்தார்கள். ரெக்ஸ்லின் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு நேரே பஞ்சர் கடைக்குப் போய், "மாமா, நீங்கதான் நடிக்கணும்," என்று நின்றாள். நாறும்பூ மாட்டேன் என்றார். கோமதிராஜ்தான் துண்டுக்குள்ளிருந்து, "மச்சான், சட்டுனு நடிச்சு முடிச்சு விடுங்க, எம்மீசை கெடக்குது," என்று அவரைத் தள்ளிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் தெருவே வந்து நின்றது. நாறும்பூ மார்க்கு அட்டையை வாங்க வேண்டும், பார்க்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும், போட்டுவிட்டு, "பன்னெண்டாம் வகுப்புக்கும் நாந்தான் கையெழுத்துப் போடுவேன்," என்று சொல்ல வேண்டும். வாங்கினார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார், வாய் மட்டும் திறக்கவில்லை. ரெண்டாவது தடவையும் அப்படித்தான், ஐந்தாவது தடவையும் அப்படித்தான், பத்தாவது தடவை அட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

"இது என் வாயில வராது. குடுத்த வாக்கு ஒண்ணு இருக்கு."

உலகம்மாள்தான் நோட்டைப் பார்த்தபடி, எப்போதும் எல்லோருக்கும் சொல்லுகிற குரலில், "அப்பா, எந்திரிக்காதிய. போன தடவ அட்டைய வலது கையில பிடிச்சிருந்திய. சட்டப்பையில ரெண்டு வால்வு இருந்துச்சு, ஒண்ணு கீழ விழுந்துட்டு. கட்டவெரல்ல செவ்வாக்கெழம வெட்டுன காயம், அது தெரியிற மாதிரி பிடிச்சிருந்திய. வசனம் வரும்போது ரெண்டு தடவ எச்சி முழுங்குதிய," என்று படித்தாள்.

நாறும்பூ நின்றுவிட்டார். "இதெல்லாம் எப்பம் பாத்த?"

"நாப்பது நாளா பாக்கேம்பா. அதாம்பா என் வேல."

அவர் கையை நீட்டி நோட்டை வாங்கினார், கிரீஸ் விரலை எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், என் பழம், பூக்காரி, பஸ்ஸு, நாய், எல்லாம் அதில் இருந்தது, ஒரு பக்கத்தில் வந்து அவர் விரல் நின்றுபோனது. "எங்க வீட்டு வாசல்: அம்மா, சுளகில் இலை. அம்மாவின் வலது தோள் இடது தோளைவிட ரெண்டு விரல் தாழ்ந்திருக்கிறது." நாறும்பூ தலையைத் தூக்கிக் கூட்டத்தில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்தார். குனிந்து குனிந்து பீடி சுற்றிய தோள் ரெண்டு விரல் தாழ்ந்துதான் இருந்தது. கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷம், அந்த மனுஷன் அன்றைக்குத்தான் பார்த்தார், நாங்களும் அன்றைக்குத்தான் பார்த்தோம். அவர் நோட்டை மகளிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். விழுந்த வால்வை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். பதினோராவது தடவை சொல்லிவிட்டார்.

உலகம்மாள் அதை எழுதிக்கொண்டாள். எழுதி முடித்த கையோடு கோமதிராஜ் எழுந்து, "சரி மச்சான், பிள்ளைய நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றார். நாறும்பூ பதில் சொல்ல வாயைத் திறந்தார், வாயிலிருந்து, "பன்னெண்டாம் வகுப்புக்கும் நாந்தான் கையெழுத்துப் போடுவேன்," என்று வந்தது. கோமதிராஜ் என்ன கேட்டாலும் அதே வசனம்தான் வந்தது, சாப்பிடுவோமா என்று கேட்டதற்கும் அதே. தெரு கைதட்டிச் சிரித்தது. ஷாகுல் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஆடினான். ஜெயித்துவிட்டோம் என்று எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் கம்ப்யூட்டர் அறையில் படத்தை வெட்டி ஒட்டினார்கள், ஜன்னல் முழுக்க எங்கள் தலைதான். ஒரு ஷாட்டு தன் இடத்தில் சரியாக உட்கார்ந்ததும் உலகம்மாள் நோட்டில் அந்த வரியை அடித்துவிடுவாள், அடித்ததும் அது விடுதலையாகும். முதலில் செண்பகத்தை அடித்தாள். பத்து நிமிஷத்தில் செண்பகத்துக்கு வலி எடுத்து ஆட்டோ பறந்தது. குழாய் பாதிக் குடத்தில் நின்றது. நாய் காலை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. என் பதினேழு பழமும் கண்ணெதிரே கறுத்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது, விழட்டும். யாரும் மறுபடி எழுதிவிடுவதற்குள் சலூன்காரர் ஓடிப்போய்க் கோமதிராஜின் மிச்ச மீசையை ஒரே இழுப்பில் எடுத்தார். கடைசியில் ஒரே ஒரு வரி மிச்சமிருந்தது.

"அத மட்டும் அடிக்காத ளா," என்றாள் ரெக்ஸ்லின். "அது இருக்கட்டும், ஒங்க அப்பா மாற முடியாது."

நாங்களும் ஜன்னலிலிருந்து அதையே கத்தினோம். அவள் கேட்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிப் பஞ்சர் கடைக்கு நடந்தாள், நாங்கள் பின்னாலேயே ஓடினோம். அங்கே கோமதிராஜ் வழுவழு முகத்தோடு பையைத் தோளில் மாட்டி நின்றார். அவள் அப்பாவின் முன்னால் நோட்டை விரித்து, அவர் பார்க்கப் பார்க்க அந்தக் கடைசி வரியை அடித்தாள்.

"அப்பா, இப்பம் ஒங்கள எதுவும் பிடிச்சு வைக்கல. நான் எழுதி வச்சதால நீங்க சொல்ல வேண்டாம். ஒங்களுக்கா தோணுனதச் சொல்லுங்க. திருப்பூருக்குன்னா திருப்பூருக்குப் போறேன்."

நாறும்பூ ஒட்டிக்கொண்டிருந்த டியூப்பைக் கீழே வைத்தார், வாயைத் திறந்து மூடிப் பார்த்தார், இப்போது அந்த வாய் அவருடையதுதான். தூரத்தில் பஸ் சத்தம் கேட்டது.

"பன்னெண்டாம் வகுப்புக்கும் நாந்தான் கையெழுத்துப் போடுவேன்," என்றார் நாறும்பூ. பிறகு, யாரும் எழுதிக்கொடுக்காததைச் சொன்னார். "அதுக்கு மேல எங்க படிச்சாலும் அங்கயும் வந்து போடுவேன். மாப்ள, நான் குடுத்த வாக்கு, நானே திருப்பி எடுத்துக்கிடுதேன். தங்கச்சிட்ட நான் பேசிக்கிடுதேன். பஸ்ஸு வந்துட்டு, நீங்க ஏறுங்க."

மனுஷன் ஒரு மாதத்துக்குப் பேசுகிறதை ஒரே மூச்சில் பேசிவிட்டார். கோமதிராஜ் ஏறினார், ஏறாமல் என்ன செய்வார், தெருவே அவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் வழிவிட்டு நின்றது. உலகம்மாள் நோட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடிப்போய் அப்பாவின் கிரீஸ் சட்டையைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள், அவள் அம்மா சிரித்தாள், ரெக்ஸ்லின் விசிலடித்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ஆட்டோக்காரன் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தான், எதற்குக் கத்துகிறோம் என்று தெரியாமல் நாங்களும் கத்தினோம்.